ஐந்து தோல்வி, அப்புறம் 208 இடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் தேர்தல் தோல்விகளைப் பற்றி எழுதியபோது போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். கனடாவில் ஐந்து தேர்தல்களில் வரிசையாகத் தோற்ற ஒருவர் பின்னாளில் பிரதமரானார் என்று. பெயரைக்கூடச் சொல்லவில்லை.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் சஸ்கடூனில் இருக்கிறான். இந்தக் கோடையில் அங்கே போயிருந்தபோது பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் டீஃபன்பேக்கர் நினைவகத்துக்குக் கூட்டிப்போனான். பிரதமரின் அலுவலக அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சமாதி. நீங்கள் சொன்னவர் இவர்தான் என்று அங்கேதான் தெரிந்தது. அடிப்படை உரிமைச் சட்டம், பழங்குடிகளுக்கு ஓட்டு என்று நல்லதாகவே படித்துவிட்டு வெளியே வந்தேன். அன்று மாலை டொரன்டோவிலிருந்து வந்திருந்த மகனின் நண்பரிடம் சொன்னால், “அந்த ஆளா? பறக்கிற விமானத்தை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டவர்” என்று முகத்தைச் சுளித்தார்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஐந்து முறை தோற்றவரை ஏன் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள்? அவ்வளவு பெரிய வெற்றி பெற்றவர் ஐந்தே வருடத்தில் எப்படிக் கவிழ்ந்தார்? அடுத்த மாதம் எங்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். விடாமுயற்சிக்கு இவரை உதாரணமாகச் சொல்லலாம் என்று எண்ணம். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்., திருநெல்வேலி

*

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

பள்ளிக் கூட்டத்தில் சொல்லலாம்தான். ஆனால் விடாமுயற்சிக் கதையாகச் சொன்னால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, “ஜெயித்த பிறகு என்ன ஆச்சு சார்?” என்று கேட்டால் போதும்.

முதலில் அந்த ஐந்து தோல்விகள். ஜான் டீஃபன்பேக்கர் 1895-இல் ஒண்டாரியோவில் நாய்ஸ்டட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். (உங்கள் சாதி!) 1903-இல் குடும்பம் மேற்கே புல்வெளிக்குக் குடிபெயர்ந்தது. படித்து வக்கீலாகி, சஸ்காட்சுவான் மாகாணத்தில் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊரில் அலுவலகம் போட்டார். 1925 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே கன்சர்வேட்டிவ் வேட்பாளராக நின்று மூன்றாவது இடத்துக்குப் போனார். அடுத்த வருடமே மறுபடி தேர்தல். இந்த முறை எதிரே நின்றவர் மெக்கன்சி கிங், லிபரல் கட்சியின் தலைவர். சொந்தத் தொகுதியில் தோற்றுப்போய், பாதுகாப்பான இடம் தேடி பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு வந்திருந்தார். முடிவைச் சொல்லவே வேண்டாம்.

1929-இல் மாகாணச் சட்டமன்றத்துக்கு நின்றார். வேடிக்கை என்னவென்றால் அந்த வருடம் சஸ்காட்சுவானில் அவர் கட்சிதான் கூட்டணி அமைத்து ஆட்சிக்கு வந்தது. அவர் மட்டும் தோற்றார். 1933-இல் நகர மேயர் பதவிக்கு நின்று 48 ஓட்டில் தோற்றார். 1936-இல் மாகாணக் கட்சிக்கே தலைவரானார். ‘அட, உயர்ந்துவிட்டாரே’ என்று நினைக்காதீர்கள். 1934 தேர்தலில் அந்தக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் ஒரு இடம்கூடக் கிடைத்திருக்கவில்லை. வேறு யார் அந்த நாற்காலிக்குப் போட்டி போடப்போகிறார்கள்? 1938-இல் அவர் தலைமையில் மறுபடியும் பூஜ்யம். அவரும் தன் தொகுதியில் தோற்றார்.

ஆக, ‘ஏன் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள்’ என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில், வேறு ஆள் இல்லை என்பதே. கன்சர்வேட்டிவ் கட்சி கிழக்கே இருந்த தொழிற்சாலைகளைக் காப்பாற்ற இறக்குமதி வரி வேண்டும் என்று சொன்ன கட்சி. கோதுமை விற்றுக் கலப்பை வாங்குகிற புல்வெளி விவசாயிக்கு அந்த வரியென்றாலே எரிச்சல். போதாததற்கு இவருடைய ஜெர்மன் பெயர். முதல் உலகப் போர் முடிந்து ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அம்மா வழி ஸ்காட்லாந்து, அவரே பிரிட்டிஷ் ராஜ விசுவாசி, அந்தப் போரில் ராணுவத்தில் சேர்ந்தவர். எதுவும் எடுபடவில்லை. ‘ஜெர்மன்காரன்’ என்று மேடையில் ஏசினார்கள். இந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. ஜெர்மன்-கனடியன், உக்ரைன்-கனடியன் என்றெல்லாம் நடுவில் கோடு போட்டு ஆளைப் பிரிக்கக் கூடாது, எல்லாரும் வெறும் கனடியர்தான் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது இங்கே தொடங்கியதுதான்.

1940-இல் லேக் சென்டர் என்ற கிராமப்புறத் தொகுதியில் 280 ஓட்டு வித்தியாசத்தில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். வயது 44. அதன் பிறகு 1979 வரை பதின்மூன்று பொதுத்தேர்தல்கள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 1940-இல் சஸ்காட்சுவானில் அவர் கட்சிக்குக் கிடைத்தது இரண்டு இடம். 1945-இல் ஒன்று. 1949-இல் ஒன்று. 1953-இலும் ஒன்று. அந்த ஒன்று எப்போதும் இவர்தான். நடுவில் தொகுதி எல்லையை மாற்றி லேக் சென்டரைக் கலைத்துப் போட்டார்கள். இவர் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்குத் திரும்பி, லிபரல்காரர்களும் சோஷலிஸ்டுகளும்கூடச் சேர்ந்திருந்த ‘டீஃபன்பேக்கர் கிளப்’புகளின் தயவில் ஜெயித்தார். அதாவது கட்சி அவரை ஜெயிக்க வைக்கவில்லை. அந்தக் கட்சியில் இருந்தும் அவர் ஜெயித்தார். தனியாக ஜெயிக்கப் பழகிக்கொண்ட மனிதர் அவர். எனக்கு அவர் கதையின் சாவி இதுதான் என்று தோன்றுகிறது. நல்லதும் கெட்டதும் இரண்டுமே இதிலிருந்துதான் வருகின்றன.

இன்னொன்று, அவர் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்காக வாதாடிய வக்கீல். 1950 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கனூ ரிவர் என்ற இடத்தில், கொரியப் போருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற ரயில் எதிரே வந்த ரயிலோடு மோதி 21 பேர் இறந்தார்கள். ரயில்களுக்கு உத்தரவைத் தந்தியில் அனுப்பிய இளைஞர் அதில் இரண்டு சொற்களை விட்டுவிட்டார் என்று அவர்மேல் வழக்கு. டீஃபன்பேக்கரின் மனைவி எட்னா அப்போது ரத்தப் புற்றுநோயில் மரணப் படுக்கையில் இருந்தார். அந்தப் பையனுக்காக நீங்கள் வாதாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அவர்தான். அந்த மாகாணத்தில் வாதாட உரிமை வாங்கவே 1,500 டாலர் கட்டணம். கட்டிவிட்டுப் போனார். கம்பியில் செய்தி நடுவே விட்டுப்போவது உண்டு என்பதை ரயில்வேகாரர்கள் வாயாலேயே வரவழைத்தார். பையன் விடுதலை. தீர்ப்பு வந்தபோது எட்னா உயிரோடு இல்லை.

பெரிய நிறுவனத்துக்கு எதிரே சின்ன மனிதன், அவனுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல். நாடு முழுக்க இந்தப் படம் பதிந்துபோனது.

தேசியக் கட்சித் தலைமைக்கும் மூன்று முறை மோதினார். 1942-இல் மூன்றாவது, 1948-இல் இரண்டாவது, 1956 டிசம்பரில் முதலாவது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்தமான வரிசை, இல்லையா?

அப்போது லிபரல்கள் ஆட்சியில் 21 வருடமாக இருந்தார்கள். நாட்டுக்கும் தங்களுக்கும் வித்தியாசமே இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டிருந்தது. 1956-இல் எரிவாயுக் குழாய்த் திட்ட மசோதாவை விவாதிக்கவிடாமல் அவசரமாக நிறைவேற்றினார்கள். டீஃபன்பேக்கருக்கு வேண்டியது அதுதான். 1957 ஜூன் தேர்தலில் கன்சர்வேட்டிவ் 112, லிபரல் 105. ஆட்சியின் தூண் என்று சொல்லப்பட்ட அமைச்சர் சி.டி. ஹோவைத் தோற்கடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், சோஷலிஸ்ட் கட்சியின் டக் ஃபிஷர். (இதை நீங்கள் கூட்டத்தில் தாராளமாகச் சொல்லலாம்.)

ஆனால் நாடு முழுக்க எண்ணிப்பார்த்தால் லிபரல்களுக்குத்தான் அதிக ஓட்டு. அவர்களுக்கு 40 சதவீதத்துக்குச் சற்று மேல், இவர்களுக்கு 39-க்குச் சற்றுக் கீழ். லிபரல் ஓட்டுகள் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் மலையாகக் குவிந்து வீணாகின. ஒரு தொகுதியில் ஐந்நூறில் ஜெயித்தாலும் முப்பதாயிரத்தில் ஜெயித்தாலும் இடம் ஒன்றுதானே? நம் ஊர்த் தேர்தல் முறையும் இதேதான், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கியூபெக்கில் பணத்தைக் கொட்டிப் பயனில்லை, ஜெயிக்கக்கூடிய இடத்தில் செலவழிப்போம் என்று கன்சர்வேட்டிவ் கட்சி போட்ட கணக்கு பலித்தது.

அப்புறம் 1958 ஜனவரி. லிபரல்களின் புதுத் தலைவர் லெஸ்டர் பியர்சன், கையில் நோபல் அமைதிப் பரிசோடு வந்து உட்கார்ந்தவர். பொருளாதாரம் சரியில்லை, ஆகவே தேர்தல் எதுவும் வேண்டாம், பேசாமல் விலகி ஆட்சியை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார்! டீஃபன்பேக்கர் எழுந்தார். பொருளாதாரம் சரியப்போகிறது என்று லிபரல் ஆட்சியிலேயே அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருந்த ரகசிய அறிக்கை அவர் கையில் இருந்தது. ‘தெரிந்தும் மறைத்தீர்களே’ என்று இரண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை. பியர்சன் பாவம். சில நாளில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. மார்ச் 31-ஆம் தேதி 265 இடங்களில் 208 இவருக்கு. கனடா வரலாற்றில் எந்தக் கட்சியும் அதற்கு முன்னும் பின்னும் நூற்றுக்கு இத்தனை இடம் வாங்கியதில்லை. இருபது வருடம் முன்பு பூஜ்யம் வாங்கிக் கொடுத்த சஸ்காட்சுவான் நாடாளுமன்றத்துக்கு 17-இல் 16 கொடுத்தது. கியூபெக்கே 75-இல் 50 கொடுத்தது.

உங்கள் விடாமுயற்சிக் கதை இங்கே முடிகிறது. கைதட்டல். மணி அடிக்கலாம்.

இப்போது பின்வரிசைப் பையனின் கேள்விக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலின் வேலை சந்தேகத்தைக் கிளப்புவது. தீர்ப்புச் சொல்வது அவன் வேலை இல்லை. பிரதமருக்கோ தினமும் தீர்ப்புச் சொல்கிற வேலை. டீஃபன்பேக்கர் அமைச்சரவைக் கூட்டத்தை மணிக்கணக்கில் இழுப்பார். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கூட்டம். இருபத்திரண்டு வருடம் லிபரல்களிடம் வேலை பார்த்த அதிகாரிகளை அவர் நம்பவில்லை. போகப்போகத் தன் அமைச்சர்களையும் நம்பவில்லை. பதினேழு வருடம் கட்சிக்குள்ளேயே தனியாளாக இருந்தவருக்கு 207 பேர் பின்னால் உட்கார்ந்திருப்பது பலமாகத் தோன்றவில்லை, முதுகு குறுகுறுத்திருக்கிறது. இது என் ஊகம். ஆனால் நடந்தவை அதற்குப் பொருந்துகின்றன.

டொரன்டோ நண்பர் சொன்ன விமானம் ஏவ்ரோ ஏரோ. சோவியத் குண்டுவீச்சு விமானங்களை வழிமறிக்க டொரன்டோ அருகே கனடாவே கட்டிய அதிவேகப் போர் விமானம். செலவு ஏறிக்கொண்டே போனது, வாங்க வேறு நாடு இல்லை. 1959 பிப்ரவரி 20-இல் திட்டத்தை ரத்து செய்தார். ஒரே நாளில் சுமார் 14,000 பேருக்கு வேலை போனது. செய்து முடித்த விமானங்களையும் துண்டு போட்டார்கள். அந்த வெட்டுதான் ஜனங்கள் மனதில் நிற்கிறது. ரத்து செய்தது தவறா? கணக்குப்படி பார்த்தால் லிபரல்கள் இருந்திருந்தாலும் நிறுத்தித்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். தவறு அதற்கு அடுத்தது. விமானத்துக்குப் பதிலாக அமெரிக்காவின் போமார்க் ஏவுகணைகளை ஏற்றுக்கொண்டார். அணுகுண்டு முனை பொருத்தினால்தான் அவற்றால் பயன். பொருத்தலாமா கூடாதா என்ற கேள்வியில் வெளியுறவு அமைச்சர் ஒரு பக்கம், பாதுகாப்பு அமைச்சர் இன்னொரு பக்கம். இவர் நடுவில் உட்கார்ந்து நாலு வருடம் ஓட்டினார். ஏவுகணை நிற்கிறது, குண்டு இல்லை. வாங்கிய துப்பாக்கிக்குத் தோட்டா வேண்டுமா என்று வீட்டில் பஞ்சாயத்து நடந்ததுபோல.

இதற்கு நடுவே வேலையில்லாத் திண்டாட்டம். மத்திய வங்கித் தலைவரோடு பகிரங்கச் சண்டை. 1962 தேர்தல் பிரச்சாரத்தின் நடுவிலேயே கனடா டாலரின் மதிப்பை அமெரிக்காவின் 92.5 சென்ட் என்று இறக்கி நிறுத்த வேண்டிவந்தது. எதிர்க்கட்சியினர் அவர் முகத்தைப் போட்டுப் போலி நோட்டு அடித்து ஊரெல்லாம் விநியோகித்தார்கள். 208 இடம் 116 ஆனது. கியூபெக்கில் 50, 14 ஆனது. 1963 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ராஜினாமா செய்ய, அடுத்த நாளே நாடாளுமன்றத்தில் அரசு தோற்றது. ஏப்ரல் தேர்தலில் 95 இடம். ஆனால் சஸ்காட்சுவானில் எத்தனை தெரியுமா? 17-க்கு 17. நகரங்கள் கைவிட்டன, கோதுமை வயல்கள் கைவிடவில்லை. சீனாவுக்குக் கோதுமை விற்று விவசாயியின் களஞ்சியத்தைக் காலி செய்து கொடுத்தவர் அல்லவா.

நினைவகத்தில் நீங்கள் படித்தவையும் பொய்யில்லை. ஒப்பந்தப் பழங்குடியினர் தங்கள் சட்ட உரிமைகளை இழக்காமலேயே ஓட்டுப் போடலாம் என்று 1960-இல் ஆனது அவரால்தான். அதே வருடம் உரிமைச் சட்டம். அது சாதாரணச் சட்டம், அரசியலமைப்பின் பகுதி அல்ல, மாகாணங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால் வக்கீல்கள் இன்றும் உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் பெண் அமைச்சராக எலன் ஃபேர்கிளப்பைச் சேர்த்தார். 1961-இல் லண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் கூடியபோது, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நேருவும் ஆசிய, ஆப்பிரிக்கத் தலைவர்களும் நின்ற பக்கத்தில் நின்ற ஒரே வெள்ளைக்காரப் பிரதமர் இவர். தென்னாப்பிரிக்கா வெளியேறியது. 1962-இல் ஃபேர்கிளப் கொண்டுவந்த குடியேற்ற விதிகள், நிறத்தையும் நாட்டையும் பார்க்காமல் படிப்பையும் திறமையையும் பார்த்து ஆளை எடுக்கலாம் என்றன. (தூரத்து உறவினரை அழைத்துக்கொள்ளும் சலுகை மட்டும் ஐரோப்பியர் பக்கமே நின்றது. முழுசாகச் சரிசெய்தது 1967-இல் பியர்சன் அரசு.) உங்கள் மகன் சஸ்கடூன் போன பாதையில் அது ஒரு கல்.

ஜெர்மன்காரன் என்று ஏசப்பட்டவர் செய்த காரியங்கள் என்று பார்த்தால் இவை ஒன்றோடொன்று சேர்கின்றன. அதே காயம்தான் கியூபெக்கைப் புரிந்துகொள்ளவும் விடவில்லை. ‘எல்லாரும் ஒரே கனடியர்’ என்பது பிரெஞ்சு பேசுகிறவன் காதில் ‘நீ தனி இல்லை’ என்று விழுந்தது. அதை அவர் கடைசிவரை கேட்கவே இல்லை.

1967-இல் கட்சி அவரை இறக்கியது. டொரன்டோவில் நடந்த மாநாட்டில் தானும் போட்டியிட்டார். முதல் சுற்றிலேயே ஐந்தாவது இடம், சுற்றுக்குச் சுற்று ஓட்டு குறைந்தது, மூன்றாம் சுற்றோடு விலகினார். அப்போது வயது 71. நானாக இருந்தால் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். அவர் இன்னும் நான்கு பொதுத்தேர்தல்களில் பிரின்ஸ் ஆல்பர்ட்டில் நின்று ஜெயித்தார். தனக்குப் பின் வந்த தலைவர்களைத் தன் கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டே முடிந்தவரை படுத்தினார். மறுபடி தனியாள். அந்த இடத்தில்தான் அவருக்கு நிம்மதி என்று எனக்குத் தோன்றும். 1979 மே மாதம் கடைசி வெற்றி, ஆகஸ்ட் 16-இல் மரணம். இறுதி ஊர்வலத்தை அவரே முன்கூட்டித் திட்டமிட்டு வைத்திருந்தார். ஒட்டாவாவிலிருந்து சஸ்கடூன் வரை ரயில், வழியெல்லாம் நிலையங்களில் கூட்டம். பியர்சன் கொண்டுவந்த மேப்பிள் இலைக் கொடியை 1964-இல் மூர்க்கமாக எதிர்த்தவர் அல்லவா, அதனால் பெட்டியின் மேல் அந்தப் புதுக்கொடியோடு, மூலையில் பிரிட்டிஷ் கொடி பதித்த பழைய செங்கொடியும் போர்த்த வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு. எனக்கு விட்டால் கனூ ரிவர் ரயில் வழக்கைச் சொல்வேன். பிள்ளைகள் கதை கேட்பார்கள், கட்சிக் கணக்கு வேண்டாம்.

அடுத்த முறை சஸ்கடூன் போனால் மகனிடம் சொல்லித் தெற்கே நூறு கிலோமீட்டர் போய் வாருங்கள். தெற்கு சஸ்காட்சுவான் ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய மண் அணை. அதைக் கட்டியே ஆக வேண்டும் என்று நின்றவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் டீஃபன்பேக்கர். இன்னொருவர் லிபரல் கட்சியின் ஜிம்மி கார்டினர், 22 வருடம் வேளாண் அமைச்சராக இருந்தவர், டீஃபன்பேக்கரின் பரம எதிரி, 1958 அலையில் அடித்துச் செல்லப்பட்டவர். அணைக்கு கார்டினர் பெயர், தேங்கிய ஏரிக்கு டீஃபன்பேக்கர் பெயர். ஜூலையில் போங்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து, எது தண்ணீர் எது தரை என்றே தெரியாது.

அன்புடன்